சோபா முதலில், மைக் பிறகு: வீட்டில் சரவுண்ட் ஒலியைச் சீரமைக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சாட்ஸ்வொர்த்தில் நம்மவர் வீடுகள் பல, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்டவை. முன்னறையில் ஓடு பதித்த தரையும், பின்சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாவும் இருந்தால், ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஒலியமைப்பைப் பொருத்துகிறவர், அவற்றை இயக்கும் ரிசீவரோடு வந்த அளவீட்டு மைக்கை எடுப்பதற்கு முன் சோபாவை நகர்த்த வேண்டும். அமரும் இடம் தவறானால் எந்தத் தானியங்கி அளவீட்டாலும் அதை முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

தாழ்ந்த ஒலி சுவரோரம் திரண்டு பெருகும். அறையின் நட்டநடுவில் சில அதிர்வெண்கள் மெலிந்துவிடும். 5 மீட்டர் நீள அறையில் ஏறக்குறைய 34 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இதுவே நேரும். என் வீட்டுச் சோபா சுவரோடு ஒட்டியிருந்தபோது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், ஒரே முழக்கமாகக் கேட்டது. 60 சென்டிமீட்டர் முன்னே இழுத்ததும் அடி தனியாகவும் கார்வை தனியாகவும் பிரிந்தன.

முன் இரு ஸ்பீக்கர்களும் அமருபவரின் நேர்பார்வையிலிருந்து இருபுறமும் 30 பாகையில், காதின் உயரத்தில் இருக்கட்டும். சரவுண்ட் ஸ்பீக்கர்களை 110 பாகையளவில், காதுக்குச் சற்று மேலே வையுங்கள். உரையாடலைச் சுமக்கும் நடு ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, முகத்தை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

சப்வூஃபருக்கு இடம் தேடப் பொறுமை வேண்டும். அதைத் தற்காலிகமாகச் சோபாவின் இடத்தில் வைத்து, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நிறைந்த பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே பேஸ் வீங்காமலும் வற்றாமலும் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபர் நிற்க வேண்டும். பொதுச்சுவரோரம் மட்டும் வேண்டாம், ஏனெனில் அந்த அதிர்வு செங்கல்லைத் தாண்டி அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

தரையில் கம்பளம் விரித்த பிறகே அளவெடுங்கள். மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் வைத்தால் துணியும் பஞ்சும் ஒலியை மாற்றிவிடும் என்பதால், முக்காலியில் காதுயரத்தில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, அறையில் பேச்சின்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுகளை அப்படியே ஏற்காதீர்கள். ஒலி 34 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. ஆகவே ரிசீவர் காட்டும் ஸ்பீக்கர்களின் தூரத்தை அளவு நாடாவால் சரிபாருங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் கூடுதலாகக் காட்டலாம். அதன் மின்சுற்றில் ஏற்படும் தாமதத்தையும் ரிசீவர் கணக்கில் சேர்ப்பதால், அதைத் தொடாதீர்கள். ரிசீவர் சிறிய ஸ்பீக்கர்களைப் பெரியவை என்று குறித்திருந்தால் சிறியவை என மாற்றி, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பதைக் குறிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். சோதனை ஒலி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 75 டெசிபெல் அளவில் ஒத்திருக்க வேண்டும்.

கடைசியாக, சோபாவின் கால்கள் நிற்கும் இடங்களில் சிறு நாடாத் துண்டுகளை ஒட்டிவையுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைப் பூசைக்காக முன்னறையைக் காலிசெய்தாலும் சோபா அளவெடுத்த இடத்துக்கே திரும்பி வரும்.