சென்னை–சிங்கப்பூர்: தூரமும் நேரமும் நீங்களே கணக்கிடலாம்

சென்ற வாரம் அக்கா மகன் சிங்கப்பூர் டிக்கெட்டை நீட்டினான். இரவு 11.00 புறப்பாடு, காலை 5.40 வருகை. "ஆறு மணி நாற்பது நிமிடமா மாமா?" என்றான். இல்லை. சைன், காஸ் விசைகள் உள்ள ஒரு கால்குலேட்டர் இருந்தால் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொள்ளுங்கள். சென்னை 12.98 பாகை (டிகிரி) வடக்கு, 80.17 கிழக்கு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. நான் வழுக்கிய இடம் இதுதான்: வரைபடத்தில் சென்னைக்கு 12 பாகை 59 கலை என்று இருந்ததை அப்படியே 12.59 என்று எழுதிவிட்டேன். கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு; அதை 60ஆல் வகுத்த பிறகே பாகையுடன் சேர்க்க வேண்டும். தென் அரைக்கோள ஊர் என்றால் அட்சரேகைக்குக் கழித்தல் குறி.

அடுத்து, தீர்க்கரேகைகளின் வித்தியாசம்: 23.82. கால்குலேட்டர் ரேடியனில் அல்ல, டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைப் போடுங்கள்:

(சைன் 12.98 × சைன் 1.36) + (காஸ் 12.98 × காஸ் 1.36 × காஸ் 23.82) = 0.8965

காஸ் மதிப்பு 0.8965 வரும் கோணம் எது? (கால்குலேட்டரில் cos⁻¹ விசை.) 26.3 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் அது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆக 26.3 × 60 × 1.852 = ஏறக்குறைய 2,922 கி.மீ.

தட்டை வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தால் போதாதா? நீண்ட பயணங்களில் ஏமாற்றிவிடும். பூகோள உருண்டையில் டெல்லிக்கும் நியூயார்க்குக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். அது ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய்த் திரும்பும்.

இனி நேரம். பயணிகள் ஜெட் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கி.மீ. பறக்கும். 2,922 ÷ 850 = 3 மணி 26 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்குமாக 40 நிமிடம் கூட்டினால் 4 மணி 6 நிமிடம்.

டிக்கெட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. 6.40இல் 2.30 போனால் 4.10. கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் நான்கே நிமிட இடைவெளி!

எல்லாப் பாதையிலும் இவ்வளவு நெருங்காது, காற்று விடாது. அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தால் லண்டனிலிருந்து நியூயார்க் போவதைவிடத் திரும்புவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு. 2020 பிப்ரவரியில் புயல் காற்று முதுகில் தள்ள, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

திரும்பும் டிக்கெட்டில் காலை 9.00 புறப்பாடு, 10.40 வருகை. இம்முறை அவனே இரண்டரையைக் கூட்டினான்.