கேப் திராட்சைத் தோட்டங்களில் இரண்டு நாள்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் உறவினர்களில் பலர் கேப் டவுனுக்குச் சென்று மேசை மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஸ்டெல்லன்போஷ் திராட்சைத் தோட்டங்களைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கோப்பையை எப்படிப் பிடிப்பது, என்ன கேட்பது, துப்பினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கமே இதற்குக் காரணம். ரசத்தில் புளி சற்றுக் கூடினாலும் உடனே கண்டுபிடித்துவிடும் நாக்கு உள்ளவர்களுக்கு இந்தத் தயக்கம் தேவையே இல்லை. ஒரு வார இறுதியில் ஒயின் பண்ணைகளையும் சிறு பியர் ஆலைகளையும் நிதானமாகப் பார்த்து வருவது எப்படி என்பதை, நான் குடும்பத்தோடு சென்று கற்றுக்கொண்டபடியே எழுதுகிறேன்.

முதற்படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

கேப் பகுதியில் திராட்சை அறுவடை ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். பழக்கூடைகள் வந்து இறங்குவதையும், சாறு நொதிக்கும் மணம் முற்றம் முழுவதும் பரவுவதையும் பார்க்க விரும்பினால் அந்த மாதங்களில்தான் செல்ல வேண்டும். ஆனால் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் குடும்பங்களுக்கு அதன் முற்பகுதி ஒத்துவராது. பங்குனியில் காவடி எடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. புரட்டாசியில் நம் வீடுகளில் புலாலும் மதுவும் நுழைவதில்லை என்பதால், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை திட்டமிட வேண்டாம். காவடி முடிந்த பிறகு வரும் பிப்ரவரிக் கடைசி வாரங்களையோ, கொடிகள் பச்சைப் பசேலென்று தழைத்திருக்கும் நவம்பரையோ பரிந்துரைப்பேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழைக்காலம். தோட்டம் மொட்டையாக இருக்கும், ஆனால் கூட்டமும் இருக்காது.

இரண்டாம் படி: இடங்களைக் குறைத்தல்

முதல் பயணத்தில் ஒரே நாளில் ஐந்து பண்ணைகளுக்கு முன்பதிவு செய்திருந்தேன். மூன்றாவது பண்ணையிலேயே எங்கள் நாக்கு மரத்துப்போனது. நான்காவதற்கு நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது வாயிற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பல பண்ணைகள் மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்கே சுவைக்கூடத்தை மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமையில் திறக்காத பண்ணைகளும் உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையை ஸ்டெல்லன்போஷுக்கும், ஞாயிற்றுக்கிழமையைப் பார்லுக்கும் ஒதுக்கலாம். ஸ்டெல்லன்போஷில் சிமோன்சிக், டெல்ஹைம், ஸ்பியர் ஆகிய மூன்றிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுப்பது தொடக்கநிலையினருக்கு நல்லது. இந்த மூன்று பண்ணைகளின் உரிமையாளர்கள்தாம் 1971இல் ஒன்றுகூடி, நாட்டின் முதல் ஒயின் சுற்றுலா வழித்தடத்தை உருவாக்கினார்கள். ஆகவே விருந்தினரை வரவேற்று விளக்குவது அங்கே நெடுநாள் பழக்கம். பார்லில் ஃபேர்வியூ பண்ணையும் அதற்குப் பக்கத்திலேயே ஸ்பைஸ் ரூட் வளாகமும் இருக்கின்றன. ஃபேர்வியூவில் ஆடுகள் ஏறி இறங்கும் கோபுரம் ஒன்று உண்டு என்பதால் குழந்தைகள் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்பைஸ் ரூட்டில் கேப் புரூவிங் கம்பெனி என்ற பியர் ஆலை இருக்கிறது. வண்டியே வேண்டாம் என்பவர்கள் இவற்றுக்கு மாற்றாக ஃபிரான்ஷுக் என்ற ஊருக்குச் சென்று, பண்ணைக்குப் பண்ணை இறங்கி ஏறும் ஒயின் டிராமில் ஒரு நாளைக் கழிக்கலாம்.

மூன்றாம் படி: வண்டியை ஓட்டுவது யார்

இதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் யாரும் புறப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் மதுச்சாரம் இருந்தாலே வண்டி ஓட்டுவது குற்றம்; தொழில்முறை ஓட்டுநர்களுக்கு இந்த வரம்பு 0.02 கிராம். சுவைபார்ப்பதுதானே என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வகைக்கு 30 மில்லிலிட்டர் ஊற்றுகிறார்கள் என்றால், ஐந்து வகைக்கு 150 மில்லிலிட்டர். அது விருந்தில் ஊற்றும் ஒரு முழுக் கோப்பைக்குச் சமம். மூன்று பண்ணைகளில் 450 மில்லிலிட்டர், அதாவது ஒரு புட்டியில் பாதிக்கும் மேல், விழுங்கியிருப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் மதுவைத் தொடாத என் அத்தை வண்டி ஓட்டுகிறார். பல பண்ணைகளில் குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் திராட்சைச் சாறு தருகிறார்கள் என்பதால் அவரும் எங்களோடு மேசையில் உட்கார்ந்து பங்கேற்கிறார். அப்படி ஒருவர் இல்லையென்றால் ஓட்டுநரோடு வண்டியை நாள் வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: முன்பதிவும் சாப்பாடும்

வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் சென்றால் இடம் கிடைப்பது அரிது. பதிவு செய்யும்போதே சுவைக்கட்டணம் எவ்வளவு, புட்டி வாங்கினால் அதைக் கழிப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். சைவம் உண்பவர்கள் "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒரு பண்ணையில் சைவத் தட்டு என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்த பாலாடைக் கட்டியின்மேல் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி தூவியிருந்தது. என் அத்தை அன்று மதியம் வெறும் ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

இன்னொன்றையும் சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். கலங்கலாக இருக்கும் ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சில இடங்களில் பயன்படுத்துவார்கள். தெளிந்தபின் அவற்றை வடித்துவிடுவார்கள் என்றாலும் நமக்கு அது ஏற்புடையதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். களிமண் கொண்டு தெளியவைக்கும் ஒயின்களும் கிடைப்பதால், கேட்டால் எடுத்துக்காட்டுவார்கள்.

ஐந்தாம் படி: வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்

வெள்ளிக்கிழமை பகலிலேயே கேப் டவுனில் இறங்க முடிந்தால், ஆடர்லி தெருவிலுள்ள பழைய அடிமைகள் விடுதியை முதலில் பாருங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679இல் கட்டிய அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தக் கம்பெனியின் முதல் கேப் தளபதியான யான் ஃபான் ரீபேக் 1659 பிப்ரவரி 2ஆம் நாள் கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழிந்ததாகக் குறித்து வைத்தார் என்று எல்லாப் பண்ணைகளிலும் சொல்வார்கள். அதன் பின்னர் அந்தக் கொடிகளை நட்டு வளர்த்த அடிமைகளைப் பற்றி எல்லா இடத்திலும் சொல்வதில்லை. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் ஆகிய இடங்களிலிருந்து மட்டுமன்றி, சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் மனிதர்களைக் கப்பலில் ஏற்றிவந்தார்கள். பிடித்து வந்த ஊரையே அவர்கள் பெயரோடு ஒட்டினார்கள். 1860இல் நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறங்குவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் கரையைச் சேர்ந்தவர்கள் இந்த மண்ணில் வியர்வை சிந்தியிருக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தால், வெள்ளைச் சுவர்களும் வளைந்த முகப்புகளும் வேறு மாதிரியாகத் தெரியும்.

அடிமை முறை ஒழிந்த பின்னரும், கூலியின் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே கொடுக்கும் "டாப்" முறை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிப்புற்றுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப் இருப்பதற்கு அந்த முறையும் ஒரு காரணம். ஆகவே கருவுற்ற பெண் உடன் வந்தால் அவருக்குச் சாறு மட்டுமே கொடுங்கள். "ஒரு வாய் தானே" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

ஆறாம் படி: ஒயினைச் சுவைத்தல்

காலையில் வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். கோப்பையைக் கிண்ணப் பகுதியில் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும் என்பதால் காம்பைப் பிடியுங்கள். முதலில் வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். பிறகு மெதுவாகச் சுழற்றி முகருங்கள். ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி சில விநாடிகள் உருட்டி, மேசையில் வைத்திருக்கும் கலத்தில் துப்புங்கள். துப்புவது அங்கே இயல்பான பழக்கம். ஒயின் தயாரிப்பவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள்.

சொற்கள் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்; அறுசுவையை வைத்தே தொடங்கலாம். எச்சில் ஊறினால் அது புளிப்பு. நாக்கும் ஈறும் உலர்ந்து சுருங்கினால் அது துவர்ப்பு. சிவப்பு ஒயினில் தோலையும் விதையையும் சாறோடு சேர்த்தே நொதிக்க விடுவதால் அது இறங்குகிறது. டர்பனின் பழைய வீடுகளின் பின்புறத்தில் நாவற்பழம் பொறுக்கித் தின்றவர்களுக்கு அந்தத் துவர்ப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளை ஒயினுக்குத் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவதால் துவர்ப்பு பெரும்பாலும் தெரியாது.

இந்நாட்டில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை ஷெனின் பிளாங்க்; அதில் கொய்யாப்பழ மணத்தைத் தேடுங்கள். சோவின்யோன் பிளாங்கில் அரிந்த குடைமிளகாய் மணம் வரும். பினோட்டாஜ் இந்த மண்ணிலேயே பிறந்த வகை. ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் 1925இல் பினோ நுவாரையும், கேப்பில் அன்று ஹெர்மிட்டேஜ் என்று அழைத்த சான்சோவையும் இனக்கலப்பு செய்து அதை உருவாக்கினார். இரண்டு பெயர்களும் இணைந்தே புதுப்பெயர் அமைந்தது. சிமோன்சிக்கிற்குச் சென்றால் குமிழியிடும் கேப் கிளாசிக்கைக் கேளுங்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடும் அந்த வகையை 1971இல் இந்நாட்டில் முதலில் செய்தவர்கள் அவர்களே.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் என் மாமா அதுவரை ஒயினையே தொட்டதில்லை. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவர் கண்ணை மூடிக்கொண்டார். மீண்டும் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இது ரசத்துக்கு மிளகு தட்டும்போது வருமே, அந்த வாசனைப்பா" என்றார். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், ஊற்றிக்கொண்டிருந்த பெண் புட்டியை மேசையில் வைத்துவிட்டு மகிழ்ந்து சிரித்தார். மிளகுக்கு அந்தக் கார மணத்தைத் தரும் ரொட்டன்டோன் என்ற பொருளே ஷிராஸ் பழத்தோலிலும் இருக்கிறது என்று அவர் விளக்கினார். அன்றிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டில், எனக்குத் தோன்றும் மணங்களைத் தமிழிலேயே எழுதி வருகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாம் முகர்ந்தறியாத பழங்களின் பெயரைக் கடன் வாங்கி எழுதினால் அடுத்த முறை அந்தக் குறிப்பு உதவாது.

ஏழாம் படி: பியர் ஆலை

பியர் ஆலையை ஞாயிற்றுக்கிழமையின் கடைசி இடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் நான்கைந்து சிறு கோப்பைகளாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வெளிர் நிறத்திலிருந்து கருமையை நோக்கிச் செல்ல வேண்டும். பியரின் கசப்பு விழுங்கிய பின்னரே முழுதாகத் தெரியும் என்பதால் இங்கே துப்புவதில்லை. ஆகவே அளவைக் குறைத்து, ஒரு பலகையை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வாய்ப்பிருந்தால் மால்ட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முளைவிட்டு உலர்த்திய பார்லியை மென்றால் பொரிகடலைபோல் நொறுங்கி இனிக்கும். நன்கு வறுத்ததை மென்றால் காப்பிக்கொட்டையின் கசப்பு வரும். கறுப்பு பியரின் நிறமும் சுவையும் அந்த வறுவலில்தான் இருக்கின்றன. ஈஸ்ட்டை மிதமான வெப்பத்தில் வேலை செய்ய விட்டால் பழ மணம் கொண்ட ஏல். குளிரில் வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் தெளிந்த லாகர். கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவை இந்நாட்டில் ஜார்ஜ் நகரை அடுத்த மலைப்பகுதியில் பயிரிடுகிறார்கள். அந்தக் கொடிக்கு நீண்ட பகல் தேவை என்பதால், அங்கே இரவில் விளக்கேற்றியும் வளர்த்ததுண்டு.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சோளத் தானியத்தை முளைகட்டிப் புளிக்க வைத்து இங்குள்ள பெண்கள் பியர் காய்ச்சினார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த உம்கொம்போதியை முகர்ந்தால், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் நம் வீட்டுப் பானையிலிருந்து எழும் புளித்த மணம் நினைவுக்கு வரும்.

எட்டாம் படி: வாங்குதலும் வீட்டில் வைத்தலும்

நிறைந்த ஒயின் புட்டி ஒன்று ஏறத்தாழ 1.3 கிலோ எடை இருக்கும். ஆறு புட்டிகள் எட்டு கிலோவை நெருங்கும். விமானத்தில் கொண்டுவருவதானால் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் வாங்கினால் பண்ணையிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். டர்பனின் வெப்பத்திலும் ஈரத்திலும் சமையலறை மேல்தட்டு உதவாது. தக்கை போட்ட புட்டிகளை இருட்டான, குளிர்ந்த அலமாரியில் படுக்க வையுங்கள். திறந்த புட்டியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். சற்று இனிப்புள்ள ஷெனின் பிளாங்க் நம் மீன் குழம்பின் காரத்துக்கு நன்றாக ஒத்துப்போகும்; துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினோ அந்தக் காரத்தை மேலும் கூட்டிவிடும். சிறு ஆலைகளின் பியரில் பெரும்பாலானவை சூடேற்றிப் பதப்படுத்தாதவை. ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து, மற்ற எதற்கும் முன்பாக அவற்றைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.