குளுவாங்குக்கு ஒரு நாள் பயணம்: பழைய சாலையைத் தவறவிடாமல் பிடிப்பது எப்படி?

போன மாதம் பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து வண்டியில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் போய் வந்தோம். இது மூன்றாவது பயணம். முதல் இரண்டு முறையும் விரைவுச்சாலையிலேயே போய் அதிலேயே திரும்பிவிட்டதால், சாலையோரக் கடை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, அங்கே சுங்கக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டை, கிளம்பும்போது முக்கால் டாங்கி பெட்ரோல் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே பெட்ரோல் போட நேர்ந்தால் ரோன் 97 ரகம்தான். ரோன் 95 நம் வண்டிகளுக்குக் கிடையாது.

படி 1: கடைகளை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு நாளுக்கு மூன்று இடம் போதும். எங்கள் பட்டியல்: 1938லிருந்து நடக்கும் குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடை, ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடைகள், ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். சிறிய கடைகளின் விடுமுறையை முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய பதிவுகளில் இன்னும் வெள்ளி, சனி என்றே இருக்கும்.

படி 2: போக விரைவுச்சாலை, திரும்பப் பழைய சாலை

விடியுமுன் சிங்கப்பூர்-ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்துவிட்டால் குளுவாங்கில் பசியாறலாம். கரியில் வாட்டிய ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் வெண்ணெய் உருகி வழியும். சின்னப் பொட்டல நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) ஆளுக்கு இரண்டு வேண்டும்.

மண்பாண்டங்களைத் திரும்பும்போது வாங்குவதுதான் நல்லது. நாள் முழுக்க வண்டியில் குலுங்காது. ஆயர் ஈத்தாமில் கடைக்காரம்மா ஒவ்வொரு சட்டியையும் விரலால் சுண்டி, ஓசையைக் கேட்டபிறகே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். விரிசல் விட்டதில் ஓசை மந்தமாக வரும் என்றார். என் மகள் அதன்பிறகு கடையில் இருந்த அத்தனை உண்டியலையும் சுண்டிப் பார்த்துவிட்டாள்.

படி 3: வரைபடத்தில் வழியைப் பூட்டுவது

நான் இரண்டு முறை தவறியது இங்கேதான். வீட்டுக் கணினியில் கூகல் மேப்ஸைத் திறந்து, வழிக்கோட்டைப் பழைய சாலைக்கு இழுத்து வைத்தேன். கைப்பேசிக்கு அனுப்பியதும் கோடு பழையபடி விரைவுச்சாலைக்குப் போய்விட்டது. ஓட்டும்போது அது எனக்குத் தெரியவில்லை.

கோட்டை இழுக்காதீர்கள். ஆயர் ஈத்தாமுக்கு அப்புறம் மாச்சாப், சிம்பாங் ரெங்கம், கூலாய் மூன்றையும் நிறுத்தங்களாகச் சேருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் போடாமல், பழைய சாலையான முதலாம் கூட்டரசுச் சாலையின் மேலேயே ஊசியைக் குத்துங்கள். பிறகு சுங்கச்சாவடிகளைத் தவிர்க்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள். இப்போது வழி மாறாது. வேஸ் (Waze) வழிகாட்டிச் செயலி நெரிசலைக் காட்டுவதில் கெட்டி, அதைக் கடற்பாலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

படி 4: கண்ணாடிக் கோயில் கடைசியில்

சுவர், தூண், கூரை எங்கும் கண்ணாடித் துண்டுகள். உள்ளே போனதும் பிள்ளைகள் சத்தமில்லாமல் அண்ணாந்து நின்றார்கள். அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை: சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும், இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் மைத்துனரைக் கூட்டிப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. ஆனால் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர், சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருந்தாலும், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். வண்டியில் ஏறுமுன் எல்லாருடைய கடப்பிதழையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.