ரெட்ரோ வைரஸ், ரெட்ரோட்ரான்ஸ்போசான்: ஒரே தாளில் ஒப்பிடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ரெட்ரோ வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, தொற்றிய செல்லின் மரபணுத் தொகுதியில் சேர்க்கும். ரெட்ரோட்ரான்ஸ்போசான் அதேபோல் ஆர்.என்.ஏ. வழியே படியெடுத்து, மரபணுத் தொகுதிக்குள்ளேயே புதிய இடங்களில் சேரும் டி.என்.ஏ. துண்டு. போன மாதம் இந்த ஒப்பீட்டைப் பலகையில் வரையப் போய் நானே மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஏ4 தாளைக் குறுக்கே வைத்து மூன்று கோடு போடுங்கள். மேலே எச்.ஐ.வி.-1 என்ற ரெட்ரோ வைரஸ். நடுவில் ஈஸ்ட்டின் டிஒய்3, கீழே நம் மரபணுத் தொகுதியிலேயே குடியிருக்கும் லைன்-1, இரண்டும் ரெட்ரோட்ரான்ஸ்போசான்கள். மென்பொருள் வேண்டாம், கலர் பென்சில் போதும். மென்பொருளில் படம் அழகாக வரும், மனதில்தான் நிற்காது.

அடுத்து முனைகள். நான் சறுக்கியது இங்கேதான். இரு முனையிலும் ஒரே எல்.டி.ஆர். (யு3, ஆர், யு5 என்ற மூன்று துண்டு சேர்ந்த, திரும்ப வரும் நீள வரிசை) என்றுதான் படித்திருந்தேன். நான் இறக்கிய எச்.ஐ.வி. வரிசையிலோ இடப்பக்கம் ஆர்-யு5, வலப்பக்கம் யு3-ஆர். அரை நாள் போயிற்று. அப்புறம்தான் புரிந்தது, அது ஆர்.என்.ஏ. வடிவம். தலைகீழ்ப் படியெடுப்பில், அதாவது ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும்போது, புதிய டி.என்.ஏ. இழை இரண்டு முறை முனை விட்டு முனை தாவுகிறது. அந்தத் தாவலில்தான் இரு பக்கமும் யு3-ஆர்-யு5 என்று நிறைகிறது. அதனால் டி.என்.ஏ. வடிவத்தையே எடுங்கள். ஜென்பேங்க் என்ற இணைய வரிசைக் களஞ்சியத்தில் எச்.ஐ.வி.-1-க்கு கே03455 (K03455) என்று தேடினால் 9719 எழுத்துகள் வரும். முதல் 634, கடைசி 634 இரண்டும் எல்.டி.ஆர். ஒவ்வொன்றும் டிஜி-யில் (TG) தொடங்கி சிஏ-வில் (CA) முடிவதை வட்டமிடுங்கள்.

டிஒய்3-க்கும் இரு முனையில் எல்.டி.ஆர். உண்டு, நீளம்தான் குறைவு. லைன்-1-க்குக் கிடையாது, வலக்கோடியில் ஏஏஏ வால் மட்டும்.

நடுப்பகுதி சுலபம். முதல் இரண்டிலும் காக் (gag, உள்கூட்டுப் புரதங்களுக்கான மரபணு), பிறகு போல் (pol, நொதிகளுக்கான மரபணு). போலுக்குள் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும்), ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (படியெடுக்கும்), இன்டக்ரேஸ் (மரபணுத் தொகுதியில் சேர்க்கும்) என்ற வரிசைகூட ஒன்றுதான். ஈஸ்ட்டின் இன்னொரு ரெட்ரோட்ரான்ஸ்போசானான டிஒய்1-ல் இன்டக்ரேஸ் முந்திக்கொள்ளும், குழப்பம் வேண்டாமென்றுதான் அதை விட்டேன். லைன்-1-ல் ஓ.ஆர்.எஃப்.1, ஓ.ஆர்.எஃப்.2 என்று புரதத்துக்கான இரண்டு பகுதிகள். டி.என்.ஏ.வை வெட்டும் நொதியும் படியெடுக்கும் நொதியும் இரண்டாவதில்.

கடைசியில் என்வ் (env), வெளியுறைப் புரதத்துக்கான மரபணு. இந்த மூன்றில் எச்.ஐ.வி.க்கு மட்டும்.

சேர்ப்பு 1: "என்வ் இருந்தால் வைரஸ்" என்று முதலில் எழுதியிருந்தேன். பழ ஈயின் ஜிப்சியை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். ரெட்ரோட்ரான்ஸ்போசான் என்று பெயர் வாங்கிய அதற்கும் என்வ் உண்டு, தொற்றவும் செய்யும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

சேர்ப்பு 2: தோட்டத்துப் பிள்ளைகள் செம்பனை உதாரணம் கேட்டார்கள். திசு வளர்ப்புக் கன்றுகளில் பழம் கோணி, எண்ணெய் குறையும் கோளாறு தெரியும்தானே? கர்மா என்ற ரெட்ரோட்ரான்ஸ்போசானில் மெத்தில் குறி (டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறி) குறைவதே காரணம் என்று 2015-ல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான்காவது கோடாக அதைப் போடுங்கள். லைன் வகை, எல்.டி.ஆர். வரைந்துவிடாதீர்கள்.