பால் மரம் (ரப்பர் மரம்) சீவும் கத்தியைத் தீட்டுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், இரண்டு சிறகுகள் V வடிவில் மூலையில் சேரும் ஜெபோங் கத்தியே அதிகம் புழங்குகிறது. வெட்டும் முனை மழுங்கினால் பட்டை வழவழப்பாகச் சீவப்படாமல் பிய்யும், பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அழுத்திச் சீவினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம், அதாவது புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு, காயப்படும். புதுப்பட்டை மேடு பள்ளமாக வளர்ந்து, பிறகு அந்த இடத்தில் சீவவே முடியாது.

முந்தின நாள் மாலையே தீட்டிவிடுங்கள். கத்தியில் ஒட்டிய பாலை உரித்து, கழுவித் துடைக்க வேண்டும். தீட்டுக்கல்லைத் தண்ணீரில் ஊறவையுங்கள். முனை உடைந்திருந்தால் மட்டும் சொரசொரப்பான 400 நம்பர் கல், மற்ற நாளில் அதைவிட நைசான 1000 நம்பர் கல் போதும். கத்தியில் ஏற்கெனவே உள்ள சரிவு கல்லில் முழுதாகப் படியட்டும். கையைத் தூக்கினால் முனை உருண்டுவிடும், பெரும்பாலான கத்திகள் கெடுவது இதனால்தான்.

இரண்டு சிறகும் சேரும் மூலைதான் உயிர். அங்கே அகலக் கல் நுழையாது. ஓரம் ஒடுங்கிய சிறு கல்லை உள்ளே விட்டு மெதுவாக இழுங்கள். மூலையை அதிகம் தேய்த்தால் பள்ளம் விழும், சீவும்போது பட்டை அங்கே சிக்கும்.

தீட்டியதும் மறுபக்கம் மெல்லிய பிசிறு திரளும். அதை நுண்கல்லால் இரண்டு மூன்று தடவை லேசாகத் தடவி எடுங்கள், விட்டால் முதல் மரத்திலேயே முனை மடங்கும். கடைசியில் தோல் வாரில் பின்னோக்கி இழுத்து மெருகேற்றுங்கள். பட்டைத் துண்டில் சீவிப் பாருங்கள்: சீவல் உடையாமல் சுருண்டு வர வேண்டும். மின்சாரச் சாணை வேண்டாம். சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும்.