ரங்கூன் மல்லி பூக்கவில்லையா? கத்தரியை எடுங்கள்
ரங்கூன் மல்லி மாடி வரை ஏறியும் பூக்கவே இல்லை என்றால் முதலில் வெயிலைப் பாருங்கள், தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் இலைதான் மண்டும். இந்தக் கொடி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும், அதனால் ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் தயங்காமல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். கையுறை கட்டாயம். உதிர்ந்த இலையின் காம்பு கொடியிலேயே நின்று முள்ளாக இறுகியிருக்கும், நன்றாகக் கீறிவிடும். யூரியா வேண்டாம், மக்கிய சாணம் போதும். அப்புறம், வேரடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளை அவ்வப்போது பிடுங்கிவிடுங்கள். சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ மறுநாள் ரோஸாகி, அதற்கடுத்த நாள் சிவந்து, ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வாசனை இரவில்தான் தூக்கலாக இருக்கும், படுக்கையறை ஜன்னலோரம் ஏற்றிவிடுங்கள்.