தனியார் ஆரம்பப் பள்ளி தேடும் திருகோணமலைப் பெற்றோர் விடும் பிழைகள்

தரம் 1 அனுமதிக் காலம் நெருங்கினால் உவர்மலையிலும் அலஸ்தோட்டத்திலும் பாலையூற்றிலும் ஒரே கேள்விதான்: “எந்த இங்கிலிஷ் ஸ்கூல் நல்லது?” கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது. கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகுமா, மலசலகூடம் துப்புரவா என்பதையெல்லாம் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள் வேறு.

பாடத்திட்டம் எதுவென்று கேட்காமல் பணம் கட்டுவது

‘தனியார்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலை. அங்கே தேசிய பாடத்திட்டம். மற்றது, கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான சர்வதேசப் பாடசாலை. பாடத்திட்டத்தை அதுவே தெரிவுசெய்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. அதிபரிடம் நேரே கேளுங்கள்: தரம் 5இல் பிள்ளை எந்தப் பரீட்சைக்குத் தோற்றும்? தரம் 11இல் எதற்கு? “பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தால் அன்று பணம் கட்டாதீர்கள்.

வழமையாக நடப்பது இதுதான். தரம் 3 அளவில் தவணைக் கட்டணம் ஏறுகிறது, அல்லது தகப்பனின் வெளிநாட்டு வேலை முடிகிறது. பிள்ளையை அரசுப் பாடசாலைக்கு மாற்றுகிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் அழகாகப் பேசும். ஆனால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். ர–ற, ல–ள–ழ எல்லாம் குழம்பும். கணக்குத் தெரியும், ‘பின்னம்’, ‘சுற்றளவு’ என்ற சொற்கள் தெரியாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோ தமிழிலும் சிங்களத்திலும் மட்டுமே நடக்கிறது. இரண்டு வருட இடைவெளியை ஒரு வருடத்தில் நிரப்பச் சொல்லி அந்தக் குழந்தையை மாலை முழுதும் டியூஷனுக்கு இழுத்தடிக்கிறார்கள். பிழை விட்டவர்கள் பெரியவர்கள், அழுவது பிள்ளை. இதை இன்னமும் பொறுக்க முடியவில்லை.

புலமைப்பரிசில் எங்களுக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். சரி. ஆனால் தரம் 11இல் வரும் உள்ளூர் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் சமயமும் வரலாறும் கட்டாயப் பாடங்கள். ஆங்கிலமொழிமூலம் படித்தாலும் தமிழ்த் தாள் எழுதியே ஆகவேண்டும். பிள்ளை லண்டன் பரீட்சைதான் (பிரித்தானிய பாடத்திட்டப் பரீட்சை) எழுதப்போகிறது என்றால், உள்ளூர் உயர்தரம் இல்லாமல் அரச பல்கலைக்கழகத்துக்கு வழமையான வழியில் போக முடியாது என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். அந்தப் பாதையே பிழை என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள்.

பார்க்கவேண்டியவை இரண்டு: வார நேரசூசி, தரம் 3 பிள்ளையின் தமிழ்க் கொப்பி. கொப்பியில் பிள்ளை சொந்தமாக எழுதிய வசனம் இருக்கிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுதியது மட்டும்தானா? எழுத்துப் பிழையை ரீச்சர் திருத்தியிருக்கிறாரா, சும்மா சரி போட்டுவிட்டாரா? தமிழுக்கு வாரம் இரண்டு பாடவேளைதான் என்றால், தினமும் அரை மணித்தியாலம் வீட்டில் வாசிக்க வைப்பது உங்கள் வேலை. அதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்தப் பள்ளி வேண்டாம்.

அரசுப் பாடசாலைக்கு விண்ணப்பிக்காமல் விடுவது

தனியாரில் இடம் உறுதியானாலும் விண்ணப்பியுங்கள். அரசுப் பாடசாலைக்குள் நுழையும் பெரிய வாசல் தரம் 1தான். பிறகு இடையில் சேர்ப்பதற்கு வெற்றிடம் இருக்கவேண்டும். தரம் 1 அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் வழமையாக முந்திய ஆண்டின் நடுப்பகுதியில் வரும். வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்புப் பதிவு, வீட்டு உறுதி போன்றவை கேட்பார்கள். வாடகை வீட்டுக்காரர் ஆவணங்களை ஒரு வருடம் முந்தியே ஒழுங்குபடுத்துவது நல்லது.

நாலரை வயதில் தரம் 1

வேண்டாம். அரசுப் பாடசாலையில் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். முந்திச் சேர்த்த பிள்ளையைப் பிறகு மாற்றப்போனால் வகுப்பும் வயதும் பொருந்தாது.

கட்டணத் தாளில் முதல் வரியை மட்டும் பார்ப்பது

தவணைக் கட்டணம் ஒரு பகுதிதான். அனுமதிக் கட்டணம், வைப்புப் பணம், இறக்குமதிப் புத்தகங்கள், சீருடை, விளையாட்டுப்போட்டி, கலைவிழா எல்லாவற்றையும் கூட்டி ஒரு வருடத் தொகையைக் கேளுங்கள். சென்ற மூன்று வருடத்தில் எவ்வளவு ஏறியது என்றும் கேளுங்கள். வைப்புப் பணம் எப்போது திரும்பும்? பல இடங்களில் விலகுவதை ஒரு தவணை முந்தியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும். அறிவித்த கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிவையுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள பெயரும் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள்.

கண்காட்சி நாளில் மட்டும் போய்ப் பார்ப்பது

சாதாரண செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் போங்கள். தரம் 1 ரீச்சர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

பள்ளி வானைக் கடைசியில் யோசிப்பது

கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ நகருக்கு வரும் வான் உங்கள் பிள்ளையை நேரே கொண்டுவராது; ஒவ்வொரு ஒழுங்கையாக நுழைந்து ஏற்றும். முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் உங்கள் பிள்ளையா என்று கேளுங்கள். ஆசனத்தை எண்ணுங்கள், பிள்ளைகளையும் எண்ணுங்கள். கதவைத் திறந்து இறக்கிவிட சாரதியைத் தவிர ஒரு பெரியவர் இருக்கவேண்டும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் வான் எந்த இடத்தில் நிற்கும், வராத நாளில் உங்களுக்கு யார் அழைப்பு எடுப்பார் என்பதையும் சேர்க்கும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.